நியாய இலாகாவில் என் தம்பி

தூத்துக்குடி
4–10–1942

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பி வளனுக்கு, அக்கா ஞானசௌந்தரி எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் மரியசெல்வியும் டெல்லியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அத்தானைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் ஒரு வாரம் கடத்திவிட்டேன்.

உப்பளத்து ரோட்டில் தந்திக் கம்பத்தை யாரோ கயிறு கட்டி இழுத்துச் சாய்த்திருக்கிறார்கள். அங்கே கிடந்தது நம் தோணிக் கயிறு. அதற்கு முந்தின நாள் மத்தியானம் உப்பளத்தில் வேலை செய்கிற காசிலிங்கம் வந்து, உப்பு வண்டி சேற்றில் இறங்கிவிட்டது, இழுக்கக் கயிறு வேண்டும் என்று கேட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். கொழும்புக்கு இத்தனை வருஷம் தோணி ஓட்டின தண்டல், கயிறு கேட்டவனுக்கு இல்லையென்று சொல்வாரா? எடுத்துக் கொடுத்தார். போலீஸ் கேட்டபோதும் ஒளிக்கவில்லை. "கயிறு என்னதுதான். வண்டி இழுக்கக் கேட்டாவ, குடுத்தேன்" என்றார். யாருக்குக் கொடுத்தீர் என்றதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. காசிலிங்கத்தை வேறு யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

தெருவில் எல்லாரும், "ஒந் தம்பிதான் டெல்லியில நியாய இலாகாவுல இருக்காரே, ஒரு வார்த்தை எழுதிப் போடுளா" என்கிறார்கள். எழுதிவிட்டேன் தம்பி.

உன் அக்கா
ஞானசௌந்தரி

—

டெல்லி
21–10–1942

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு வளன் வணக்கம். இங்கே நாங்கள் நலம். மரியசெல்விக்கு இந்த ஊர்க் குளிர் இன்னும் பழகவில்லை.

உன் கடிதம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டு வந்தது. இனி எழுதும்போது அதை நினைவில் வைத்துக்கொள்.

அத்தான் வழக்கு, அவசரச் சட்டப்படி அமைத்த தனிக் கோர்ட்டில் நடக்கும். அங்கே கொடுக்கிற தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஆகவே விசாரணையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வக்கீல் அருமைநாயகத்தை வை. அவர் பயப்படாதவர்.

நான் இருப்பது சட்ட வாசகங்களை எழுதிச் சரிபார்க்கும் பிரிவு. பிடிப்பதும் விடுவதும் எங்கள் கையில் இல்லை. சொந்தக்காரர் வழக்கில் நான் கேட்டேன் என்று தெரிந்தால் என் வேலை போகும், அத்தானுக்கும் அது கெடுதலாகத்தான் முடியும். யுத்தகாலம் அக்கா. நியாயம் கொஞ்சம் தாமதமாக வரும், வராமல் போகாது.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் தம்பி
வளன்

—

தூத்துக்குடி
24–1–1943

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். பிள்ளைகள் சுகம். நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

அத்தானுக்கு ஐந்து வருஷம். காசிலிங்கத்துக்கும் ஐந்து வருஷம். ஒரு முற்பகலில் எல்லாம் முடிந்துவிட்டது. "வண்டி சேற்றில் இறங்கியது மெய்யா என்று வண்டிக்காரனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று வக்கீல் எவ்வளவோ மன்றாடினார். தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

காசிலிங்கத்தின் அம்மா சுடலைமாடத்தி உப்பளத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கோர்ட்டில் யாரைக் கும்பிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற சேவகன் காலில் விழுந்தாள். அவன் பதறிப்போய் விலகினான். பிறகு என்னிடம் வந்து, "இன்னும் யாரையாச்சும் போயிப் பாக்கணுமா தாயி? நீ படிச்சவ, சொல்லு" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற ஒரே பெரிய இடம் நீதான். உன் கையில் இல்லை என்று நீயே எழுதிவிட்டாய்.

அத்தானை வடக்கே ஏதோ ஒரு சிறைக்குக் கொண்டுபோகிறார்களாம்.

மரியசெல்வியைக் காதை மூடி முக்காடு போட்டுக்கொள்ளச் சொல்.

அக்கா

—

தூத்துக்குடி
8–6–1943

தம்பி, என் ராசா! நல்லா இருக்கிறாயா? நாங்கள் ரொம்ப ரொம்பச் சுகம்.

டெல்லியில் இருக்கிற பெரிய கோர்ட்டு, இந்தத் தனிக் கோர்ட்டுகள் எதுவுமே சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதாமே! வக்கீல் ஐயா பேப்பரைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடி வந்தார். கோர்ட்டே செல்லாதென்றால் அது கொடுத்த தண்டனை எங்கே நிற்கும் என்கிறார். பனிமய மாதா திருவிழாவுக்குள் அத்தான் வீட்டில் இருப்பார்.

சுண்ணாம்பு வாங்கி வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன். சுடலைமாடத்தி ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி கொண்டுவந்து தந்தாள். "ஒந் தம்பி இருக்க ஊருலதான தீர்ப்புச் சொல்லிருக்காவ? அவருதான் சொல்லி முடிச்சிருப்பாரு" என்றாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. உன் பேருக்கு ஒரு ஆள் வாழ்த்துகிறபோது எதற்குத் தடுக்க வேண்டும்?

உடனே பதில் எழுது.

உன் அக்கா
ஞானசௌந்தரி

—

தூத்துக்குடி
18–7–1943

அன்புத் தம்பிக்கு. சுகம். உன் சுகம் தெரியவில்லை. நான் போட்ட கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த சூட்டோடு புது அவசரச் சட்டம் ஒன்று வந்துவிட்டது, உனக்குத் தெரிந்திருக்கும். பழைய தண்டனைகள் எல்லாம் முறையான கோர்ட்டு விதித்ததாகவே கருதப்படும் என்று அதில் இருக்கிறதாம். ஆக, யாரும் வெளியே வரவில்லை. அப்பீல் மட்டும் செய்துகொள்ளலாமாம், அதற்கும் ஒரு கெடு. அத்தானுக்கு வக்கீல் ஐயா மனுப் போட்டுவிட்டார். காசிலிங்கத்தை வேறு சிறைக்கு மாற்றிவிட்டதால் அவனுடைய கையெழுத்து இன்னும் வந்து சேரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. நானும் சுடலைமாடத்தியும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம். வக்கீல் ஐயா எழுந்து, "பெரிய கோர்ட்டு இல்லைன்னு சொன்னத, டெல்லியில நாலு பேரு ஒரு மேசையச் சுத்தி உக்காந்து ஆமான்னு எழுதிட்டாங்க. அந்த இலாகா யாருக்குப் பதில் சொல்லணும்? எழுதுன கைக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா?" என்று கேட்டார். ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ் ஒருவர் எழுந்து, "எழுதுதவன் என்னய்யா செய்வான்? மேல சொல்லுதத எழுதுதான். யுத்த நேரத்துல சர்க்கார் நடக்கணுமா, வேண்டாமா?" என்றார். அதற்கு மேல் ஒரே கூச்சல். இரண்டு பக்கத்துக்கும் கை தட்டினார்கள்.

வெளியே வரும்போது ஒருத்தி என்னிடம், "ஒந் தம்பியும் அங்கனதான இருக்காரு?" என்று கேட்டாள். "அவன் வேற பிரிவு" என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்னது சரிதானே தம்பி?

அக்கா

—

டெல்லி
26–9–1943

அன்புள்ள அக்காவுக்கு வளன் வணக்கம். வேலை மிகுதியால் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். நாங்கள் நலம். ஜூலை முதல் எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்திருக்கிறது. தோட்டம் வைத்த வீடு கொடுத்திருக்கிறார்கள். மரியசெல்வி கத்தரிச் செடி போட்டிருக்கிறாள்.

அப்பீலில் அந்த வண்டிக்காரனை விசாரிக்காமல் விட்டதை முதல் காரணமாக வைக்கும்படி வக்கீலிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. இன்னொருவர் மனுவும் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன், வந்துவிடுவேன். நீ கேட்ட மற்ற விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

தம்பி
வளன்

—

தூத்துக்குடி
12–3–1944

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து பிள்ளைகள் மாமா, மாமா என்றே இருக்கிறார்கள்.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். ஹைகோர்ட்டில் வண்டிக்காரன் விஷயத்தை வைத்தே விடுதலை செய்துவிட்டார்கள். வண்டி சேற்றில் இறங்கியதும் மெய், கயிற்றை அங்கேயே போட்டுவிட்டுப் போனதும் மெய், பிறகு அதை யார் எடுத்தார்கள் என்பதற்குச் சாட்சியே இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம்.

ஆனால் வந்தவர் பழைய ஆள் இல்லை. வாலிபத்தில் முத்துக் குளிக்கிற சலாபத்தில் முங்கினவர், இப்போது கோவில் படி ஏறுவதற்கே இரண்டு தரம் நிற்கிறார். தோணிப் பக்கம் போகவில்லை.

காசிலிங்கத்தின் மனு கெடு தாண்டி வந்ததென்று திருப்பிவிட்டார்கள். அதே கயிறு, அதே வண்டி, அதே வழக்கு. சுடலைமாடத்தி அத்தானைப் பார்க்க வந்து, "எம் பிள்ளய எங்கனயாச்சும் பாத்தியளா?" என்று கேட்டாள். வேறு வேறு சிறை என்று சொல்லி அனுப்பினார்.

கடற்கரையில் நீ சொன்னது என் நெஞ்சிலேயே கிடக்கிறது. கேட்டுக்கொண்டபடி ஒருவரிடமும் சொல்லவில்லை, அத்தானிடம்கூட. சுடலைமாடத்தி முகத்தைப் பார்த்துப் பேசத்தான் முடியவில்லை.

அக்கா

—

தூத்துக்குடி
21–5–1944

தம்பி வளனுக்கு. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். மரியசெல்வி மாசமாக இருப்பதாக எழுதியிருந்தாய். மாதா காப்பாற்றட்டும்.

சித்திரைக் கடைசியில் காசிலிங்கம் சிறையிலேயே இறந்துவிட்டான். சீதபேதியாம். தகவல் வருவதற்கு முன்பே அடக்கமும் செய்துவிட்டார்கள்.

போன வாரம் அனுதாபக் கூட்டம் வைத்தார்கள். வக்கீல் ஐயா பேசினார். "அந்தத் தனிக் கோர்ட்டு செல்லாதுன்னு இலாகாவுக்கு முன்னமே தெரியுமா, தெரியாதா? தெரியாம செஞ்சிருந்தா தப்பு. தெரிஞ்சே செஞ்சிருந்தா அதுக்குப் பேரு வேற" என்றார். பழைய சப்-ஜட்ஜ், "தெரியும்னு எப்படிச் சொல்லுதீரு? ஆதாரம் என்ன?" என்று கேட்டார். சுடலைமாடத்தி என் பக்கத்தில், தலையில் போட்ட துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"தெரியும். எந் தம்பி அந்த இலாகாவுல இருக்கான். கிறிஸ்மஸுக்கு வந்தப்ப எங்கிட்டச் சொன்னான். மொத அவசரச் சட்டம் போடும்போதே இது நிக்காதுன்னு அவன் பிரிவுல எழுதி வச்சாங்களாம். நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்னு மேல சொல்லிட்டாங்களாம்" என்றேன். உன் பெயரையும் கேட்டார்கள். சொன்னேன்.

உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் தம்பி. இது உன் கையில் கிடைப்பதற்குள் பேப்பரில் வந்திருக்கும். எங்கள் தொகுதிச் சட்டசபை மெம்பர் டெல்லியில் கேள்வி கேட்கப் போகிறாராம். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் உள்ளதைச் சொல். வேலை போனால் இங்கே வந்துவிடு. நாங்கள் சாப்பிடுவதைச் சாப்பிடலாம்.

அக்கா

—

டெல்லி
11–6–1944

அன்புள்ள அக்காவுக்கு வளன் வணக்கம். நாங்கள் நலம். வெயில் தாங்க முடியவில்லை. மரியசெல்விக்கு இது ஆறாம் மாதம். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்.

உன் கடிதம் கிடைத்தது. இலாகாவில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இதனால் உனக்கு எந்தத் தொந்தரவும் வராது. அதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

அத்தானுக்கு ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடு. நெஞ்சுக்கு நல்லது.

வளன்

—

தூத்துக்குடி
16–7–1944

தம்பிக்கு. சுகம்.

டெல்லிச் சபையில் உன் இலாகா சொன்ன பதிலை வக்கீல் ஐயா பேப்பரில் வாசித்துக் காட்டினார். சம்பந்தப்பட்ட உத்தியோகஸ்தர் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவருடைய சகோதரி சட்டம் தெரியாத பெண், துக்கத்தில் இருந்தவர், பொதுவாகப் பேசியதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று இருக்கிறது. அத்தோடு கேள்வியும் முடிந்ததாம். வக்கீல் ஐயா பேப்பரை மடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்காக அவர் தலைகுனிந்ததுதான் தாங்கவில்லை.

ஊரில் பாதிப் பேர் நான் பொய் சொன்னேன் என்கிறார்கள். பூசைக்குப் போனால் பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடக்கிறது. அத்தான் பேப்பர் வந்த அன்று சாயங்காலம் கடல் பக்கம் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "அவனுக்குப் பிள்ள பொறக்கப் போவுது, பயந்திருப்பான்" என்றார். ஐந்து வருஷம் என்று தீர்ப்பான மனுஷன் உனக்காகப் பேசுகிறார்.

சுடலைமாடத்தி மட்டும் வீடு தேடி வந்தாள். "யாரு என்ன சொன்னாலும் சொல்லட்டும். ஒனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்னு எனக்குத் தெரியும் தாயி" என்றாள்.

மரியசெல்விக்குப் பிரசவமானதும் சுகத்தை எழுது. மற்றதற்கு எழுத வேண்டாம்.

ஞானசௌந்தரி

—

டெல்லி
3–2–1945

அக்கா,

செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்ததை மரியசெல்வி எழுதியிருப்பாள். தாயும் பிள்ளையும் நலம். அத்தான் எப்படி இருக்கிறார்?

நீ எழுத வேண்டாம் என்றதை மீறி எழுதுகிறேன். நீ காதால் கேட்டது சரிதான். நான் கடற்கரையில் சொன்னதும் அதுதான். தனிக் கோர்ட்டு நிற்காது என்று முதலிலேயே எழுதி வைத்தவர்களில் நானும் ஒருவன். அது விழுந்தபோது, தண்டனைகள் விழாமல் இருக்க வாசகம் எழுதிக் கொடுத்தவர்களிலும் நான் ஒருவன். அத்தான் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தேதான் எழுதினேன். நான் எழுதாவிட்டால் அடுத்த மேசைக்காரன் எழுதுவான் என்று நினைத்தேன். ஜூலையில் கிடைத்த உயர்வு அதற்குத்தான்.

அந்த விளக்கத்தை இலாகாவிலேயே தட்டெழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நீ பொய் சொன்னதாக அதில் இருந்தது. அதை அடித்துவிட்டு, தவறாகப் புரிந்துகொண்டார் என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். உனக்கு நன்மை செய்துவிட்டதாகப் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாமியார், பாவத்தை வெறுக்கிறாயா என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரியசெல்விதான் சொன்னாள்.

வேலையை விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

வளன்

—

தூத்துக்குடி
4–3–1945

அன்புத் தம்பி வளனுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். அத்தானுக்கு மூச்சு இரைப்பு ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைச்சல். குழந்தைக்கு என் முத்தம்.

காட்டலாம் என்று எழுதியிருந்தாய். காட்டினேன்.

முதலில் வக்கீல் ஐயாவிடம் கொண்டுபோனேன். இரண்டு தரம் வாசித்தார். "போன ஆனியில இது என் கையில இருந்திருந்தா டெல்லியவே கேட்டிருப்பேன்ம்மா" என்றார். இரண்டு பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தார். யுத்தச் செய்திக்கே காகிதம் போதவில்லை, முடிந்துபோன விஷயம் என்று பதில் வந்தது. சபையில் கேட்ட மெம்பரும், ஒரு தரம் பதில் வந்த கேள்வியை மறுபடி எழுப்ப முடியாது என்று எழுதிவிட்டார். பழைய சப்-ஜட்ஜ் மட்டும் வீட்டுக்கு வந்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பாவம், அவர் என்ன செய்தார்?

பிறகு உப்பளத்துக்குப் போனேன். சுடலைமாடத்தி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்காரவைத்து, நீ எழுதியதை ஆதியிலிருந்து அந்தம் வரை வாசித்துக் காட்டினேன். நீ வந்த கிறிஸ்மஸிலிருந்து அவள் பிள்ளை செத்த பிறகு வரைக்கும் நானும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில், "இத நீங்க ரெண்டு பேரும் மொதல்லயே சொல்லியிருந்தா எம் பிள்ளய விட்டிருப்பாவளா?" என்று கேட்டாள்.

விட்டிருப்பார்கள் என்றாலும் அவளுக்கு வேதனை, விட்டிருக்க மாட்டார்கள் என்றாலும் நான் என் குற்றத்துக்குச் சாக்குச் சொல்கிறதாகும். தெரியாது என்றேன். "படிச்ச ஒந் தம்பிக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குள் இறங்கிவிட்டாள்.

அவள் கேட்டது என்னை அல்ல. அதனால் இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே. சுடலைமாடத்தி என்று அவள் பெயருக்கே எழுது, நம் வீட்டு விலாசம் போட்டு அனுப்பு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் அக்கா
ஞானசௌந்தரி